பாதி விற்பனை தந்த வாடிக்கையாளர் விலகிவிட்டார், பங்கும் பாதி விலை. இப்போது வாங்கலாமா?

ஐஸ்கம்பெனி மண்டபம் | மே 18, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகப் படிப்பதோடு சரி, இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது. நாட்டுப்படகுக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ் பார் ஓட்டுகிறேன். கையில் நேரம் இருக்கிறது, ஜூன் 15 வரை தேவைப்படாத பணமும் கொஞ்சம் இருக்கிறது.

வாகனங்களுக்குப் பாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியை நான்கு வருடமாகக் கவனித்து வருகிறேன். பெயர் போடக்கூடாது என்பது இங்குள்ள விதி, நானும் சொல்லப்போவதில்லை. அதன் விற்பனையில் கிட்டத்தட்ட பாதி ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. அவர்கள் அந்தப் பாகத்தை இனி தாங்களே செய்துகொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் 9 மாதம் வாங்குவார்கள், அதோடு முடிந்தது. செய்தி வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் இதற்கு மேல் விழக்கூடாது என்று சந்தை வைத்திருக்கும் கீழ் எல்லை. 412 ரூபாயில் இருந்த பங்கு 211-க்கு வந்து, இப்போது 205-ல் நிற்கிறது. பி.இ., அதாவது விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு, 7 என்று காட்டுகிறது. நான்கு வருடத்தில் இந்த விலையை நான் பார்த்ததே இல்லை.

3 லட்சம் போடலாம் என்று நினைக்கிறேன். 1 லட்சத்து 80 ஆயிரம் என் பணம், மீதிக்கு வீட்டு நகையை வைக்க வேண்டும். டிப்ஸ் கேட்கவில்லை. இப்படி விழுந்த பங்கை எப்படிப் பார்ப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் காற்று | மே 18, இரவு 10:15

அண்ணே, என் கருத்து, வாங்கலாம். ஆனால் வைத்துக்கொள்வதற்கு இல்லை. மூன்று நாள் சர்க்யூட்டில் பயந்தவர்கள் எல்லாரும் விற்க வரிசையில் நின்றார்கள். நாலாம் நாள் சர்க்யூட் திறந்து வியாபாரம் நடந்தது என்றால் விற்க வேண்டியவர்கள் விற்றாகிவிட்டது என்று அர்த்தம். இப்படி விழுந்தது 15, 20 சதவீதம் எழும்பும். 205-ல் வாங்கி 240-ல் வெளியே வந்துவிடுங்கள். 190 உடைந்தால் யோசிக்காமல் விற்றுவிடுங்கள். நான் இரண்டு முறை இப்படிச் செய்து சம்பாதித்திருக்கிறேன். கம்பெனியின் எதிர்காலத்தை ஆராய்வது இந்த வியாபாரத்துக்குத் தேவையே இல்லை.

தொண்டி சில்லு | மே 19, காலை 7:05

சொந்த ஊர் தொண்டி. பெங்களூரில் சில்லு வடிவமைப்பு வேலை. நீங்கள் சொன்ன கதையை அப்படியே என் துறையில் பார்த்திருக்கிறேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இமாஜினேஷன் டெக்னாலஜீஸ் என்று ஒரு கம்பெனி. ஐபோனுக்குள் படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதியின் வடிவமைப்பு அவர்களுடையது. ஆலை கிடையாது, வடிவமைப்பை உரிமம் கொடுத்து ராயல்டி வாங்குவதுதான் தொழில். வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆப்பிளிடமிருந்து வந்தது. 2017 ஏப்ரல் 3 அன்று கம்பெனியே அறிவித்தது: இன்னும் 15 மாதம் முதல் 2 வருடத்துக்குள் ஆப்பிள் எங்கள் வடிவமைப்பைப் பயன்படுத்துவதை நிறுத்தப் போகிறது, சொந்தமாகச் செய்துகொள்ளப் போகிறது என்று. சுமார் 270 பென்ஸில் (100 பென்ஸ் ஒரு பவுண்டு) இருந்த பங்கு அன்று ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்து 100 பென்ஸ் பக்கம் வந்தது.

அன்று மாலை உலகம் முழுக்க உங்கள் கேள்விதான். பாதி வருமானம் போனால் பாதி விலைதானே போக வேண்டும், 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது அதிகம் இல்லையா, அப்படியானால் இது மலிவுதானே?

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஜூனில் கம்பெனி தன்னையே விற்பனைக்கு வைத்தது. செப்டம்பரில் கேன்யன் பிரிட்ஜ் என்ற முதலீட்டு நிறுவனம் 55 கோடி பவுண்டுக்கு, பங்குக்கு 182 பென்ஸ் என்று ஒப்புக்கொண்டது. விழுந்த அன்று மாலை வாங்கியவருக்கு அந்த வருடத்திலேயே 70 சதவீதத்துக்கு மேல் லாபம். ஆனால் 270-ல் வைத்திருந்தவர் மூன்றில் ஒரு பங்கை இழந்துதான் வெளியே வந்தார்.

இதில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது இன்னொன்று. 2020 ஜனவரியில் ஆப்பிளும் இமாஜினேஷனும் மறுபடி ஒரு உரிம ஒப்பந்தம் போட்டன. போன வாடிக்கையாளர் திரும்பி வந்தார்! ஆனால் அப்போது அந்தக் கம்பெனியின் பங்கு சந்தையில் இல்லை. பழைய பங்குதாரர் ஒருவருக்கும் அதில் ஒரு காசு கிடையாது. கம்பெனி பிழைப்பது வேறு, பங்கு வைத்திருப்பவர் பிழைப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஐஸ்கம்பெனி மண்டபம் | மே 19, காலை 8:30

தம்பி, நன்றி. ஆனால் எனக்கு இதில் 70 சதவீத லாபம்தான் கண்ணில் படுகிறது. விழுந்த அன்று வாங்கியவர் ஜெயித்தார் அல்லவா?

தொண்டி சில்லு | மே 19, காலை 8:52

ஜெயித்தார். எதனால் என்று பாருங்கள், அண்ணே. அவர்கள் கையில் இருந்தது பேட்டன்ட், நூற்றுக்கணக்கான பொறியாளர்கள், ஆப்பிள் தவிர மற்றவர்களும் வாங்கக்கூடிய வடிவமைப்பு. அதற்கு இன்னொருவர் விலை கொடுக்கத் தயாராக இருந்தார். உங்கள் கம்பெனியின் இயந்திரமும் அச்சும் அந்த ஒரு வாடிக்கையாளரின் வண்டிக்கு மட்டும் பொருந்துவதா, வேறு யாருக்காவது உதவுமா? இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

ஐஸ்கம்பெனி மண்டபம் | மே 19, காலை 9:10

இல்லை. பார்க்கவில்லை.

பாசி வீட்டுப் பெண் | மே 19, மதியம் 1:20

அண்ணே, நான் ராமநாதபுரத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். அம்மா மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்த்தவர். உங்கள் பதிவில் பி.இ. 7 என்ற இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பி.இ. என்பது இன்றைய விலையைக் கடந்த 12 மாத லாபத்தால் வகுப்பது. அந்த 12 மாதமும் பெரிய வாடிக்கையாளர் முழுசாக இருந்த காலம். போகப்போகிறவரின் பணத்தையும் சேர்த்து வந்த லாபம் அது. மேலே இருப்பது இன்றைய விலை, கீழே இருப்பது பழைய லாபம். அந்த 7-க்கு இப்போது அர்த்தமே இல்லை.

பாதி விற்பனை போனால் பாதி லாபம் போகும் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் ஐஸ் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய்க்குப் பார் விற்கிறீர்கள் என்று வைப்போம். ஓட்டினால் மட்டும் ஆகும் செலவு, அதாவது ஓடுகிற கரண்ட், தண்ணீர், ஏற்றுக்கூலி, 60 ரூபாய். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆகும் செலவு, மாதச் சம்பளம், வட்டி, கரண்ட் பில்லில் வரும் நிலைக் கட்டணம், இயந்திரத் தேய்மானம், 30 ரூபாய். லாபம் 10. இப்போது விற்பனை 50 ஆகிவிட்டது. ஓட்டுகிற செலவு 30 ஆகக் குறையும். மிச்சம் 20. நிலைச் செலவு 30 அப்படியே நிற்கும். 10 லாபம் 10 நஷ்டமாக மாறிவிட்டது. பாதி லாபம் போகவில்லை, முழு லாபமும் போய் இன்னொரு அவ்வளவு கையிலிருந்து போகிறது. தடைக்காலத்தில் ஒவ்வொரு வருடமும் இதை நீங்கள் அனுபவிக்கிறீர்கள். ஒரே ஒரு வித்தியாசம், உங்களுக்கு 61 நாளில் முடிந்துவிடும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு. கடன் எவ்வளவு, கையில் ரொக்கம் எவ்வளவு. கடன் இல்லாத கம்பெனி இரண்டு வருட நஷ்டத்தைத் தாங்கி வேறு ஆள் பிடிக்கும். கடன் உள்ள கம்பெனிக்கு அந்த நேரம் கிடைக்காது.

எங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ வருமானம் தரும் வாடிக்கையாளர் இருந்தால் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்பது கணக்கியல் விதி, இந்திய கணக்கியல் தரம் 108. பெயர் இருக்காது, தொகை இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது தரச்சான்று அறிக்கை. வங்கிக் கடன் வாங்கிய கம்பெனிக்குக் கிரிசில், இக்ரா, கேர் போன்ற யாராவது ஒருவர் ரேட்டிங் கொடுத்திருப்பார்கள். அந்த அறிக்கை அவர்கள் இணையதளத்தில் இலவசம், நாலைந்து பக்கம்தான். பங்கு விற்பவரின் கண்ணால் இல்லாமல் கடன் கொடுத்தவரின் கண்ணால் எழுதியிருப்பார்கள். வாடிக்கையாளர் ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் அதைப் பலவீனம் என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள்.

பாசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கப்பாஃபைகஸ் என்ற பாசியை எங்கள் பக்கம் இன்னும் பெப்சி பாசி என்றுதான் சொல்கிறார்கள். 2000-க்குப் பிறகு அந்தக் கம்பெனி மண்டபம் பக்கம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் வந்த பெயர். கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று கடல் கொடுத்ததற்கு எல்லாம் சொந்தப் பெயர் இருக்கிறது, இதற்கு மட்டும் வாங்கியவர் பெயர். 2008 வாக்கில் பெப்சி அந்தத் தொழிலை இன்னொரு கம்பெனியிடம் விட்டுவிட்டது. வாங்க இன்னொருவர் வந்ததால் மூங்கில் தெப்பம் தொடர்ந்து மிதந்தது. உணவைக் கெட்டியாக்கும் காராஜீனன் என்ற பொருளை எடுக்க உலகம் முழுக்கத் தேவை இருந்ததால் வந்தார். ஒரே கம்பெனிக்கு மட்டும் பயன்படும் பாசியாக இருந்திருந்தால் அன்றைக்கே கரையேற்றியிருப்போம்.

சங்குக்கடை கீழக்கரை | மே 19, மாலை 5:45

தங்கச்சி எழுதியது நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சங்கு வியாபாரம். இங்கே குளித்து எடுக்கும் சங்கு பெரும்பாலும் கல்கத்தாவுக்குப் போகும், அங்கே பெண்கள் போடும் வளையல் அறுப்பதற்கு. என் பாட்டனார் காலத்தில் எங்களுக்கு ஒரே முதலாளிதான் வாங்குவார். ஒரு வருடம் அவர் வேண்டாம் என்றுவிட்டார். கிடங்கு நிறையச் சங்கு. பாட்டனார் ரயிலேறிப் போய் அதே தெருவில் அடுத்த கடையில் கொடுத்துவிட்டு வந்தார். நல்ல விலை இல்லை, ஆனால் போனது. ஏனென்றால் சங்கு யார் அறுத்தாலும் சங்குதான்.

கடல் அட்டைக்கு அந்த வழி இல்லை. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்து அரசாங்கம் தடை போட்டது. அடுத்த தெரு என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. அட்டை அவித்து உலர்த்திய பாத்திரம் இன்னும் சில வீடுகளில் கிடக்கிறது.

அதனால் ஏன் போனார் என்று கேளுங்கள். விலை பிடிக்காமல் போனவர் திரும்புவார். தானே செய்யக் கற்றுக்கொண்டு போனவர் திரும்புவது கஷ்டம். தானே நொடித்துப் போனவர் திரும்பவே மாட்டார்.

பாசி வீட்டுப் பெண் | மே 19, மாலை 6:30

சங்குக்கடைக் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் அழைப்போம்) சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அதை ஒட்டி இறால் ஏற்றுமதிக் கம்பெனிப் பங்குகள் விழுந்தன. அங்கே இறால் தின்பவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நடுவில் வரி வந்து நின்றது. அந்த மாதிரி விழுந்த பங்கில் ஊகம் செய்வது வரியைப் பற்றிய ஊகம். அண்ணன் பங்கில் ஊகம் செய்வது ஒரு தொழிற்சாலையின் திறமையைப் பற்றியது. இரண்டையும் ஒரே பாதி விலை என்று பார்க்கக்கூடாது.

பாம்பன் காற்று | மே 19, இரவு 9:00

எல்லாரும் கம்பெனியை ஆராய்கிறீர்கள். நான் சொன்னது நாலு நாள் வியாபாரம். அதற்கு இவ்வளவு தேவையில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். நம்பிக்கை இல்லை என்றால் ஷார்ட் அடித்தும் சம்பாதிக்கலாம், அதாவது கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கியதும் அன்றைக்கே திரும்ப வாங்குவது. ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை, இருக்கும் பங்காக இருந்தால் அதை வாங்குவது இன்னும் வசதி, நஷ்டம் அந்த உரிமைக்குக் கொடுக்கும் பிரீமியத்தோடு போய்விடும்.

ஓய்வு பெற்ற காசாளர் | மே 20, காலை 6:15

தம்பி, கோபிக்க வேண்டாம். 34 வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

190 உடைந்தால் விற்றுவிடலாம் என்று எழுதினாய். சர்க்யூட் உள்ள பங்கில் அது நடக்காது. 205-ல் இருக்கும்போது மாலை ஒரு கெட்ட செய்தி வந்தால் மறுநாள் காலை நேராகக் கீழ் எல்லையில் திறக்கும். விற்க ஆயிரம் பேர், வாங்க ஒருவரும் இருக்க மாட்டார். இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று போட்டு வைக்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் திரையில் அப்படியே தொங்கும். இவர் பங்கே மூன்று நாள் அப்படித்தான் இருந்தது என்று இவரே எழுதியிருக்கிறார். அந்த மூன்று நாளில் ஆசைப்பட்டவர் எல்லாரும் வாங்க முடிந்தது, பயந்தவரில் பலர் விற்க முடியவில்லை. இது போன்ற பங்கைச் சந்தை நிர்வாகம் கண்காணிப்பில் வைத்து எல்லையை 5 சதவீதமாகச் சுருக்கிவிடுவதும் உண்டு. ஷார்ட் இன்னும் மோசம். அன்றைக்குள் திரும்ப வாங்கியாக வேண்டும். மேல் எல்லையில் பூட்டிக்கொண்டால் பங்கு கிடைக்காது, ஏலத்துக்குப் போய் அபராதத்தோடு கணக்குத் தீரும்.

ஃப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரம் பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்துப் பார். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடத்தில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நீ ஜெயித்த இரண்டு முறையை நான் மறுக்கவில்லை. அந்த இரண்டு முறையும் மறுநாள் செய்தி எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஐஸ்கம்பெனிக்காரர். ஐயா, நகையை வைக்க வேண்டாம். நகைக்கடனுக்கு ஒரு தேதி இருக்கிறது, பங்கு மீண்டு வருவதற்குத் தேதி கிடையாது. கடன் தேதி முதலில் வந்தால் எந்த விலையாக இருந்தாலும் விற்றே தீர வேண்டும். ஏலத்துக்குப் போன நகைகளின் பட்டியலை மாதாமாதம் நான் என் கையால் தயார் செய்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் கெட்ட தொழில் செய்தவர்கள் இல்லை. நல்ல தொழில், தேதி மட்டும் ஒத்துவரவில்லை.

கடைசிக் காலத்தில் சென்னைப் பக்கம் வேலை பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு நின்றது. அதற்குப் பாகம் செய்துவந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பின்னால் ஃபாக்ஸ்கான் அதே வட்டாரத்தில் ஐபோன் செய்யுமளவு வளர்ந்தது. பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையைச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்குகிறது என்ற செய்தி 2019-ல் வந்தது. கட்டடத்துக்கு மறுபடி விளக்கு எரிய 5 வருடம் ஆயிற்று. உங்கள் நகைக்கடன் 5 வருடம் காத்திருக்குமா?

ஐஸ்கம்பெனி மண்டபம் | மே 20, காலை 7:00

ஐயா, நகை விஷயம் வீட்டிலும் பேசினேன். வைக்கப் போவதில்லை. இதைச் சொன்னதற்கு உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாம்பன் காற்று | மே 20, காலை 10:40

காசாளர் ஐயா, சர்க்யூட்டில் மாட்டுவது பற்றிச் சொன்னது சரி. நான் செய்த இரண்டும் தினமும் லட்சக்கணக்கில் கைமாறும் பெரிய பங்குகள். அண்ணன் பங்கு சிறியது என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஷார்ட் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் விலை தேவைக்கு மேல் விழுந்திருக்கலாம் என்பதில் இன்னும் நிற்கிறேன். இமாஜினேஷன் கதையும் அதைத்தானே சொல்கிறது?

தொண்டி சில்லு | மே 20, இரவு 11:30

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஒரு கதையை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதால் இன்னும் இரண்டு சொல்கிறேன்.

ஜிடி அட்வான்ஸ்டு என்ற அமெரிக்கக் கம்பெனி. நீலமணிக் கண்ணாடி செய்ய ஆப்பிளிடம் 57.8 கோடி டாலர் வரை முன்பணம் பெறுவதாக ஒப்பந்தம் போட்டு அரிசோனாவில் ஆலையை ஓட்டியது. 2014 செப்டம்பரில் வந்த ஐபோன் 6 திரையில் அந்தக் கண்ணாடி இல்லை. பங்கு விழுந்தது. மலிவு என்று வாங்கியவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 6 அன்று, கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஒரே நாளில் பங்கு 90 சதவீதம் போயிற்று. பின்னர் கம்பெனி திவாலிலிருந்து வெளியே வந்தது, பழைய பங்குகள் செல்லாமல் போயின.

டயலாக் செமிகண்டக்டர் இன்னொன்று. ஐபோனுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் சில்லு. வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆப்பிள். ஆப்பிள் அதையும் தானே செய்யப் போகிறது என்ற பேச்சில் 2017-லும் 2018-லும் பங்கு அடி வாங்கியது. ஆனால் டயலாக் கையில் ரொக்கம் இருந்தது, கடன் தொல்லை இல்லை. 2018 அக்டோபரில் 60 கோடி டாலருக்கு ஆப்பிளோடு பேசி முடித்தார்கள். அதில் பாதி ஒரு பகுதி தொழில்நுட்பத்துக்கும் 300-க்கு மேற்பட்ட பொறியாளர்கள் ஆப்பிளுக்கு மாறுவதற்கும், மீதிப் பாதி வரப்போகும் சரக்குக்கு முன்பணம். அந்தக் காசையும் நேரத்தையும் வைத்து வேறு வாடிக்கையாளர்களைத் தேடினார்கள். 2021-ல் ஜப்பானின் ரெனசாஸ் சுமார் 490 கோடி யூரோவுக்கு வாங்கியது.

மூன்றிலும் வாடிக்கையாளர் ஒருவரே. ஜிடி வாங்கியது கடன்பட்ட முன்பணம், ஆலை அந்த ஒருவருக்காகவே ஓடியது. டயலாக்கிடம் ஆப்பிளுக்கே தேவைப்படும் ஆட்கள் இருந்தார்கள். விலை எவ்வளவு விழுந்தது என்பதை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. பிரிக்கும் விவரம் எல்லாம் இருப்புநிலைக் குறிப்பில் இருந்தது.

இன்னொன்றும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். 9 மாதம் இன்னும் வாங்குவார்கள் என்றீர்கள். வரப்போகும் இரண்டு, மூன்று காலாண்டு முடிவுகள் நன்றாகவே வரும். விலகும் வாடிக்கையாளர் கடைசியில் இருப்பு சேர்க்கக் கூடுதலாக வாங்கினால் லாபம் ஏறக்கூடச் செய்யும். பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று பங்கு எழும்பும். அதை மீட்சி என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். உண்மையான முதல் கணக்கு பத்தாம் மாதத்துக்குப் பிறகுதான்.

சங்குக்கடை கீழக்கரை | மே 21, காலை 9:20

முதலாளிமார் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். காலாண்டுக்கு ஒருமுறை வரும் பங்குதாரர் பட்டியலில் அந்தக் கணக்கு இருக்கும். விலை விழுந்தால் அடகு பிடித்தவர் கூடுதல் ஈடு கேட்பார். இல்லை என்றால் சந்தையில் தள்ளிவிடுவார்.

ஐஸ்கம்பெனி மண்டபம் | ஜூன் 2, இரவு 10:05

பத்து நாள் உட்கார்ந்து படித்தேன். தங்கச்சி சொன்ன ரேட்டிங் அறிக்கைதான் கண்ணைத் திறந்தது. கண்டுபிடித்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

அந்த வாடிக்கையாளருக்காக மூன்று வருடம் முன்பு தனி உற்பத்தி லைன் ஒன்று போட்டிருக்கிறார்கள், வங்கிக் கடனில். அசல் திருப்பிக் கட்டுவது அடுத்த வருடம்தான் ஆரம்பிக்கிறது. அதாவது வாடிக்கையாளர் போகும் நேரமும் தவணை தொடங்கும் நேரமும் ஒன்றாக வருகிறது. வாடிக்கையாளர் ஒருவரையே நம்பியிருப்பது பலவீனம் என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதியிருக்கிறார்கள். நான் விலையை மட்டும் நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லதும் இருக்கிறது. முதலாளிகள் பங்கு அடகில் இல்லை. அந்த லைனில் இருக்கும் இயந்திரங்களில் முக்கால்வாசி பொதுவானவை, அச்சை மாற்றினால் வேறு பாகம் செய்யலாம் என்று முதலீட்டாளர்களோடு நடத்திய தொலைபேசிக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். வேறு இருவரிடம் மாதிரி கொடுத்திருக்கிறார்களாம். மாதிரி தேறி ஆர்டராக எத்தனை மாதம் ஆகும் என்று ஒருவர் கேட்டதற்கு 12 முதல் 18 மாதம் என்று பதில். 9 மாதத்தில் ஒருவர் போகிறார், 18 மாதத்தில் இன்னொருவர் வந்தாலும் வரலாம். இடையில் உள்ள 9 மாதத்தை எதைக் கொண்டு தாண்டுவார்கள் என்று தேடினேன். கையில் இருக்கும் ரொக்கம் அந்தக் காலத்து வட்டிக்கும் சம்பளத்துக்கும் மட்டுமட்டாகப் போதும், அசலுக்குப் போதாது. ஒன்று வங்கி தவணையைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லை புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட வேண்டும்.

பாசி வீட்டுப் பெண் | ஜூன் 3, காலை 8:15

அண்ணே, இதைவிட நன்றாக நானே பார்த்திருக்க மாட்டேன். புதுப் பங்கு வெளியிட்டால் இன்று 205-க்கு வாங்குபவரின் பங்கு கரையும், அதையும் கணக்கில் வையுங்கள். உரிமைப் பங்காக, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவருக்கே முதலில் விற்பதாக, வந்தால் நீங்கள் இன்னும் பணம் போட வேண்டிவரும். அதற்கென்று ஒதுக்காமல் இப்போதே முழுசையும் போட்டுவிட்டால் அந்த நேரத்தில் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

பாம்பன் காற்று | ஜூன் 3, காலை 11:00

அண்ணே, இன்றைய விலை 231. நான் சொன்ன இடத்துக்குக் கிட்டே வந்துவிட்டது. வாங்கியிருந்தால் 12 சதவீதம்.

ஐஸ்கம்பெனி மண்டபம் | ஜூன் 3, மதியம் 2:30

பார்த்தேன் தம்பி. மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது, மறைக்கவில்லை. ஆனால் 205-ல் நான் வாங்கியிருந்தால் தவணை விவரம் தெரியாமல் வாங்கியிருப்பேன். 231-ல் விற்றிருக்கவும் மாட்டேன், 412 வரும் என்று உட்கார்ந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற காசாளர் | ஜூன் 3, மாலை 4:10

இப்போது என்ன முடிவு, ஐயா?

ஐஸ்கம்பெனி மண்டபம் | ஜூன் 13, இரவு 8:50

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை ஆரம்பித்துவிட்டது.

இப்போது வாங்கவில்லை. ஒரு தாளில் இரண்டு விஷயம் எழுதி ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். புதிய இருவரில் ஒருவராவது மாதிரியை ஏற்று ஆர்டர் கொடுத்ததாகச் சந்தைக்கு முறையாக அறிவிக்க வேண்டும். வங்கித் தவணைக்கு வழி என்ன என்று கம்பெனி வாயால் தெரிய வேண்டும். இரண்டும் நடந்தால் 60 ஆயிரம் போடுவேன், அப்போது விலை 300 ஆக இருந்தாலும் சரி. உரிமைப் பங்கு வந்தால் என்று இன்னொரு 40 ஆயிரம் தனியாக இருக்கும். இந்த 1 லட்சம் முழுசாகப் போனாலும் ஐஸ் கம்பெனி நிற்காது.

மீதி 80 ஆயிரத்தில் கம்ப்ரசரைப் பிரித்து வேலை பார்த்துவிட்டேன், உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கும் பெயிண்ட் அடித்தாயிற்று. நாளை நள்ளிரவோடு தடை முடிகிறது. படகுகள் ஐஸ் ஏற்ற வரிசையில் நிற்கின்றன. இன்னொரு காரியமும் செய்தேன். என்னிடம் பார் வாங்குபவர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். 100-க்கு 38 ஒரே நண்டுக் கம்பெனிக்குப் போகிறது. இத்தனை வருடம் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை.

சங்குக்கடை கீழக்கரை | ஜூன் 13, இரவு 9:30

38 கொஞ்சம் அதிகம்தான். ஏர்வாடிப் பக்கம் நாட்டுப்படகுக்காரர்கள் ஐஸுக்கு அலைகிறார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. தனிச்செய்தியில் உங்கள் எண்ணை அனுப்புங்கள், நாளை காலை பேசச் சொல்கிறேன்.

ஐஸ்கம்பெனி மண்டபம் | ஜூன் 13, இரவு 9:34

அனுப்பிவிட்டேன் காக்கா.